பெற்றுக்கொண்டவர் கையெழுத்து

இந்த நாற்காலிக்கு நாலு கால். மூன்றுதான் வேலை செய்கின்றன. நாலாவது, வந்ததற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தரையைத் தொடாமல் சும்மா நின்றுகொண்டிருக்கிறது. மற்ற மூன்றும் புகார் சொல்லவில்லை. அதுவும் தங்களோடு சேர்ந்து உழைக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருக்கின்றனவோ என்னவோ. நாற்காலி விழாதவரைக்கும் யாருக்குத் தெரியப்போகிறது? இப்படி லேசாகச் சாய்த்தால் நாலாவது இறங்கிவிடுகிறது, ஆனால் இரண்டாவது எழும்பிக்கொள்கிறது. அப்படியென்றால் குற்றம் காலில் இல்லை. தரையில்.

வினோதினி குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுடைய டோக்கன் எண்ணை மூன்றாவது முறையாகக் கூப்பிட்டார்கள். முதல் இரண்டு முறையும் அவளுக்குக் கேட்கத்தான் செய்தது. முப்பத்தொன்று என்பது எவ்வளவு தனிமையான எண், எதனாலும் வகுபடாமல் நிற்கிறதே என்று நினைத்தாள். அது தன் கையில் இருக்கிற சீட்டில் உள்ள எண் என்பது மட்டும் வந்துசேரவில்லை.

சிதம்பரத்தில் ஒரு பெரிய மருத்துவமனை. மனநலப் பிரிவின் வெளிநோயாளிகள் வரிசை. அம்மாவும் அப்பாவும் கூடத்தான் இருந்தார்கள், ஆனால் இருவருக்கும் வேறு வேலை இருந்தது.

அம்மா ஞானாம்பாள் நர்ஸிடம் வாதாடிக்கொண்டிருந்தாள். கடலூர் செம்மண்டலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினேழு வருடமாக வேலை பார்ப்பவள். எந்த டாக்டரைப் பார்ப்பதென்றாலும் வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்பது அவளுக்குத் தொழிலில் ஊறிப்போன நம்பிக்கை. விடியற்காலை பஸ்ஸில் கடலூரிலிருந்து கிளம்பி, மகளின் விடுதிக்கு வந்து, இட்லித் தட்டின் முன்னாலிருந்து அவளை எழுப்பி, ஒரு சின்ன பாட்டிலைக் கையில் கொடுத்துக் குளியலறைக்கு அனுப்பியிருந்தாள். பாட்டிலில் பெயர், வயது, தேதி, நேரம் எல்லாம் எழுதி ஒட்டியிருந்தது. இந்தப் பிரிவில் சிறுநீர் கேட்க மாட்டார்கள் என்று நர்ஸ் இரண்டு முறை சொல்லியும் ஞானாம்பாள் நம்பவில்லை. கேட்டுவிட்டால் அப்புறம் எங்கே போவது என்றாள்.

அப்பா சபாபதி சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். ஓர் அரிசிப் பையிலிருந்து எட்டு ரிஜிஸ்டர்களை எடுத்து, மடியில் வைத்து, தேதி வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். எழுத்தில் ஆதாரம் இல்லாமல் எந்த மெஷினைப் பற்றியும் வாய் திறக்கக்கூடாது என்பது அவர் கொள்கை. அவர் சட்டைப் பையில் மடித்த கடிதம் ஒன்றும் இருந்தது. மகள் விடுதியைக் காலி செய்கிறாள், இனி கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து படிப்பாள் என்று கல்லூரிக்கு எழுதியது. வினோதினி கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார். அவள் இங்கே இருப்பதா, பெட்டியைக் கட்டிக்கொண்டு செம்மண்டலத்து வீட்டுக்குத் திரும்புவதா என்பது இன்று மாலை பஸ் ஏறுவதற்குள் முடிவாகிவிட வேண்டும் என்று வரும்போதே சொல்லிவிட்டார்.

வினோதினி பன்னிரண்டாம் வகுப்பில் அறுநூற்றுக்கு ஐந்நூற்று எண்பத்தொன்று வாங்கியவள். பள்ளி வாசலில் தொங்கிய ஃப்ளெக்ஸில் அவள் முகம் ஒரு மாதம் வெயிலில் காய்ந்தது. அந்த மதிப்பெண்ணோடு சிதம்பரத்துக்கு வேளாண்மை படிக்க வந்து ஒரு வருடம் முடிவதற்குள் மூன்று பாடத்தில் தோற்றிருந்தாள். பூச்சியியல் தேர்வில் ஐந்து கேள்வி. அவள் முதல் கேள்விக்கு முப்பத்திரண்டு பக்கம் எழுதினாள். மாவுப்பூச்சியின் வாழ்க்கையில் அத்தனை நடக்கிறது, அவள் என்ன செய்வாள்? இவ்வளவு நல்ல பதிலைத் தன் இருபது வருட அனுபவத்தில் படித்ததில்லை என்று பேராசிரியர் சிவப்பு மையில் எழுதி, பத்துக்குப் பத்து போட்டு, மற்ற நான்கு கேள்விகள் எங்கே என்று கேட்டிருந்தார்.

வகுப்பில் எல்லோருக்கும் ஆளுக்கொரு பாத்தி ஒதுக்கி வெண்டை போடச் சொல்லியிருந்தார்கள். நாற்பது பாத்தியிலும் எந்தச் செடிக்கு என்ன நோய் என்று வினோதினியைக் கேட்டால் போதும். அவளைக் கூப்பிட்டு இலையைத் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் மற்றவர்கள் மருந்து அடித்தார்கள். அவள் பாத்தியில் மட்டும் எந்த நோயும் இல்லை. செடியே இல்லை. தண்ணீர் விட மறந்து போயிற்று.

அறைச் சாவியை ஐந்தாவது முறை தொலைத்த அன்று வகுப்பு ஆசிரியை சபாபதிக்கு ஃபோன் செய்தார். திட்டவில்லை. ஒருமுறை மருத்துவமனையில் காட்டுங்கள் என்று மட்டும் சொல்லி, டாக்டருக்கு ஒரு நீளமான கடிதமும் எழுதிக் கொடுத்தார். ஐந்நூற்று எண்பத்தொன்று வாங்கின மூளையில் என்ன கோளாறு இருக்க முடியும் என்று சபாபதி இரண்டு நாள் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. ஞானாம்பாள்தான், டெஸ்ட்தானே, எடுத்துப் பார்த்துவிட்டால் போகிறது என்றாள். டெஸ்ட் என்ற சொல்லுக்கு அவள் எதையும் கொடுப்பாள்.

வினோதினிக்கு டாக்டர் என்ன சொல்லப்போகிறார் என்பது தெரியும். சின்ன வயதிலிருந்து அவளைப் பற்றி எல்லோரும் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்தான்: புத்தி இருக்கு, பொறுப்புதான் இல்ல. அவளும் தேடாமல் இல்லை. தன்னிடம் பொறுப்பு எங்கோ இருக்கிறது, சாவியை மாதிரி எங்கோ வைத்துவிட்டு மறந்துவிட்டோம், ஒருநாள் ஏதாவது பைக்குள் கைவிடும்போது அகப்படும் என்றே நம்பிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் சத்யப்பிரியாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். அவர் மேசைமேல் பேனாவைக் கயிற்றால் கட்டியிருந்தார். வினோதினிக்கு அவரை உடனே பிடித்துப் போயிற்று.

உட்கார்ந்ததும் ஞானாம்பாள் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தாள். டாக்டர் பாட்டிலைப் பார்த்தார், அதில் எழுதியிருந்ததைப் படித்தார், பிறகு ஞானாம்பாளைப் பார்த்தார்.

"இது எதுக்கும்மா?"

"காலைல மொத யூரின் டாக்டர். நடுவுல புடிச்சது."

டாக்டர் நன்றி சொல்லி, இப்போதைக்கு உங்களிடமே இருக்கட்டும் என்றார். அப்புறம் வினோதினியிடம் பேசினார். நிறையக் கேட்டார். வினோதினி ஒவ்வொரு கேள்விக்கும் பதிலைத் தொடங்கி, அதிலிருந்து வேறொன்றுக்குப் போய், அங்கிருந்து மாவுப்பூச்சிக்குப் போய், என்ன கேட்டீங்க என்று திரும்பி வந்தாள். டாக்டர் அவசரப்படுத்தவில்லை. வகுப்பு ஆசிரியையின் கடிதத்தைப் படித்தார். பிறகு பெற்றோரைப் பார்த்து, இதெல்லாம் கல்லூரிக்கு வந்தபின் தொடங்கியதா, இல்லை பன்னிரண்டு வயதுக்கு முன்னாலேயே இருந்ததா, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார்.

பொதுவாக இந்தக் கேள்விக்குப் பெற்றோர் கூரையைப் பார்ப்பார்கள் போலிருக்கிறது. சபாபதி காத்திருந்தவர் மாதிரி முதல் ரிஜிஸ்டரை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"ஞாபகம் எதுக்குங்க. ரெக்கார்டு இருக்குது."

கெட்டி அட்டையில் வி-101 என்று எழுதியிருந்தது. அது என்ன என்று டாக்டர் கேட்டார். ஆலையில் ஒவ்வொரு பம்புக்கும் தொட்டிக்கும் ஓர் எண் உண்டு என்றும், பெயரை எழுதினால் யாராவது படித்துவிட்டு மகளைக் கேலி செய்வார்கள் என்று அப்படி எழுதியதாகவும் சபாபதி விளக்கினார். 102 வீட்டில் இருக்கிறாரா என்று டாக்டர் கேட்டார். ஒரே பிள்ளைதான், அதற்கே இரண்டு ஷிப்ட் தேவைப்பட்டது என்றார் அப்பா.

நடந்தது இதுதான். வினோதினி ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் பள்ளி வேனில் ஏறவில்லை. எதிரே போன ஒரு கரும்பு லாரியில் எத்தனை கட்டு என்று எண்ணிக்கொண்டே பின்னால் நடந்து, வீடு இருக்கிற தெருவையும் தாண்டிப் போய்விட்டாள். அம்மாவிடம் இருக்கிறாள் என்று அப்பா நினைத்தார், அப்பாவிடம் இருக்கிறாள் என்று அம்மா நினைத்தாள். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, மொத்தம் எழுபத்து மூன்று கட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தவளை ஆட்டோக்காரர் ஒருவர் அழைத்துவந்தார். அன்று சபாபதி ஒரு முடிவுக்கு வந்தார். ஆலையில் ஒரு ஷிப்ட் போய் இன்னொரு ஷிப்ட் வரும்போது, எது ஓடுகிறது, எது நின்றது, எது ஒழுகுகிறது என்று ரிஜிஸ்டரில் எழுதி, ஒப்படைத்தவர் ஒரு கையெழுத்தும் பெற்றுக்கொண்டவர் ஒரு கையெழுத்தும் போடாமல் யாரும் கேட்டைத் தாண்ட முடியாது. வீட்டிலும் அப்படியே. காலையில் ஞானாம்பாள் வேலைக்குப் போகும்போது மகளை அவரிடம் ஒப்படைப்பாள். அவர் போகும்போது திருப்பி ஒப்படைப்பார். வருடத்துக்கு ஒரு ரிஜிஸ்டர். எட்டு வருடம்.

டாக்டர் படிக்க ஆரம்பித்தார். முதலில் மனதுக்குள் படித்தார். பிறகு அடக்க முடியாமல் வாய்விட்டே படித்தார்.

"14.6.2017. காலை ஷிப்ட். இடது காலில் பள்ளி ஷூ, வலது காலில் வீட்டுச் செருப்புடன் புறப்பட முயன்றது. வாசலில் நிறுத்தப்பட்டது. சரிசெய்து 8.10க்கு அனுப்பப்பட்டது."

"2.8.2017. டிபன் பாக்ஸ் திரும்பவில்லை. மூடி திரும்பியது."

"19.9.2017. கணக்கு நோட்டு காணவில்லை. தேடுதல் தொடர்கிறது. அடுத்த ஷிப்ட் கவனிக்கவும்." அதற்குக் கீழே அம்மாவின் குண்டு எழுத்தில்: "நோட்டு கிடைத்தது. ஃப்ரிட்ஜ், காய்கறித் தட்டு. நிலை: ஈரம்."

எல்லா நாளும் கடைசியில் ஒரே வரி இருந்தது. பேனா: சென்றது 3, திரும்பியது 0. பிப்ரவரியில் ஒரு பக்கத்தில் மட்டும் கொஞ்சம் விரிவாக எழுதியிருந்தது. திருவந்திபுரம் மலைமேல் ஹயக்ரீவர் சன்னதியில் வைத்துப் பூஜை செய்த பேனா பன்னிரண்டு. நான்காம் நாள் இருப்பு, இல்லை. சாமி பேனாவுக்கும் விலக்கு கிடையாது.

"11.3.2018. இன்று எதுவும் தொலையவில்லை. சந்தேகமாக இருக்கிறது. மீண்டும் சரிபார்க்கவும்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஞானாம்பாளுக்குப் பெருமை தாங்கவில்லை. தன் பங்குக்கு, வீட்டில் எல்லாவற்றிலும் பெயர் ஒட்டியது தான்தான் என்றாள். வாட்டர் பாட்டில், குடை, ரெயின்கோட் எல்லாவற்றிலும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின்போது மகளின் முன்கையிலேயே ஹால் எண்ணை எழுதி டேப் ஒட்டி அனுப்பியிருக்கிறாள்.

வினோதினி இதையெல்லாம் வேறு யாரையோ பற்றிப் பேசுகிறார்கள் என்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த ரிஜிஸ்டர் எட்டு வருடமும் ஃப்ரிட்ஜ் மேல்தான் இருந்தது. அது பால்காரருடையது என்று அவள் நினைத்திருந்தாள்.

டாக்டர் ரிஜிஸ்டரை மூடிவைத்தார். சிரிப்பு போய்விட்டது. கவனக்குறைபாடு, ஏ.டி.எச்.டி. என்பார்கள் என்று சொல்லி, அது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை, மூளை வேலை செய்யும் விதம் அப்படி என்று எளிமையாக விளக்கினார். பெஞ்சில் ஏறிக் குதிக்கிற பையனை மூன்றாம் வகுப்பிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள். மனசு மட்டும் பாண்டிச்சேரி வரை போய்த் திரும்ப, உடம்பு அமைதியாக உட்கார்ந்திருக்கிற பெண்ணை யாரும் கவனிப்பதில்லை. புத்திசாலியாகவும் இருந்துவிட்டால் ஓட்டை விழுகிற இடத்தையெல்லாம் அந்தப் புத்தியே ஓடிப்போய் அடைத்துவிடுகிறது. இன்னும் இரண்டு தடவை வர வேண்டும், சில சோதனைகள் பாக்கி, பிறகு மாத்திரையைப் பற்றிப் பேசலாம் என்றார்.

சபாபதி மூடிய ரிஜிஸ்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அப்ப நாங்க பண்ணதுதான் தப்பா டாக்டர்?"

"தப்புன்னு சொல்லல சார். வினோதினி கஷ்டப்படாம இல்ல. அந்தக் கஷ்டத்த நீங்க ரெண்டு பேரும் ஷிப்ட் போட்டுப் பாத்திருக்கீங்க. எட்டு வருஷம் கையால புடிச்சிக்கிட்டே நின்னிருக்கீங்க. புடிச்ச கைய எடுத்தா நிக்குமான்னு மட்டும் யாரும் பாக்கல. ஹாஸ்டலுக்கு வந்த அன்னிக்கி ரெண்டு கையும் ஒண்ணா எடுத்தாச்சு."

வினோதினிக்கு உடம்பு திடீரென்று லேசானது. பதினெட்டு வருடமாக மாட்டிக்கொண்டிருந்த ஒரு சட்டையை, இது உன்னுடையது இல்லையே என்று யாரோ கழற்றி எடுத்துக்கொண்டது போலிருந்தது. கொஞ்சம் குளிரவும் செய்தது. சட்டை இல்லாவிட்டால் உள்ளே இருப்பது யார்? எண்ணிப் பார்த்தால் காலைமுதல் இரவுவரை அவள் செய்ததாக நினைத்த ஒவ்வொன்றிலும் இந்த இருவரின் இனிஷியல் இருந்தது.

"அப்ப அந்த ஐந்நூத்தி எம்பத்தொண்ண யாரு வாங்குனது?" என்றாள்.

டாக்டர் அவளைப் பார்த்தார். "மார்க்க நீங்கதான் வாங்குனீங்க. ஹால் டிக்கெட்ட அவங்க தூக்கிட்டு வந்தாங்க."

பிறகு, விடுதியில் நீங்களாகவே ஏதாவது செய்து பார்த்தீர்களா என்று கேட்டார். வினோதினி வெட்கத்தோடு வாளியைப் பற்றிச் சொன்னாள். வெண்டை காய்ந்தபின் மறுபடி விதை போட்டாள். மறக்காமல் இருக்க, பகல் வகுப்பு முடிந்து அறைக்கு வந்ததும் வாளியைக் கதவுக்கு நேரே நடுவழியில் வைத்துவிடுவாள். எழுந்து வெளியே போகிறவள் அதில் இடறினால் தண்ணீர் ஞாபகம் வரும். செல்லில் அலாரம் வைத்தால் அதை அணைத்தது ஞாபகம் இருக்கிறது, எதற்கு வைத்தோம் என்பது இருப்பதில்லை. வாளி அப்படி இல்லை, வலிக்கும். இப்போது பதினோரு செடி நிற்கிறது.

"நல்ல ஏற்பாடு," என்றார் டாக்டர். சிரிக்காமல் சீட்டில் குறித்துக்கொண்டார். விடுதியிலேயே இருக்கலாமா என்று சபாபதி கேட்டதற்கு, மருத்துவப்படி தடையில்லை, உதவி தேவைப்படும், எந்த உதவி என்பதை அவளோடு பேசி முடிவு செய்யுங்கள், பதினெட்டு வயதாகிவிட்டதல்லவா என்றார். கடைசியாக, தைராய்டுக்கும் ரத்தசோகைக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்.

ஞானாம்பாள் முகத்தில் விளக்கு எரிந்தது. "வெறும் வயித்துலதான் கூட்டியாந்திருக்கேன்," என்று கணவரைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

ரத்தம் எடுக்குமிடத்தில் அம்மா உள்ளே போய், அங்கே இருந்த பெண்ணுக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா ஒரு கடைக்குப் போய் எதையோ வாங்கிக்கொண்டு வந்து, மூலையில் உட்கார்ந்து ஸ்கேலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். வினோதினி பஞ்சை முழங்கையில் அழுத்திக்கொண்டு எட்டாவது ரிஜிஸ்டரைப் புரட்டினாள். மாவுப்பூச்சிக்கு அடுத்து அவள் இவ்வளவு ஆர்வமாக எதையும் படித்ததில்லை. பன்னிரண்டாம் வகுப்பு, நவம்பர் மாதம் ஒரு வரி கண்ணில் பட்டது. "தன் பையைத் தானே அடுக்கிக்கொள்வதாகச் சொன்னது. தேர்வு முடியட்டும் என்று மறுக்கப்பட்டது." அவள் அப்படிக் கேட்டது அவளுக்கு ஞாபகமே இல்லை. கேட்டிருக்கிறாள். தேர்வு முடிந்தபின்னும் யாரும் அதைத் திரும்ப எடுக்கவில்லை.

கடைசிப் பக்கம். சிதம்பரம் விடுதியில் சேர்த்த தேதி. நிலை: நன்று. பேனா: 10 கொடுத்தனுப்பப்பட்டது. ஒப்படைத்தவர் என்ற இடத்தில் இருவர் கையெழுத்தும் இருந்தது. பெற்றுக்கொண்டவர் என்ற இடம் காலி. அதற்குப் பக்கத்தில் அப்பா சின்னதாக எழுதியிருந்தார்: வார்டன் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

மேலவீதிக்குப் பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தார்கள். வினோதினியின் அறைத்தோழி மோகனப்பிரியாவையும் அப்பா ஃபோன் செய்து வரவழைத்திருந்தார். சாமியார்பேட்டைப் பெண். அவள் அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு உண்டு. சோற்றைப் பிசையும் முன்பே சபாபதி அவளை நேர்காணல் செய்ய ஆரம்பித்தார். எத்தனை மணிக்கு எழுவாள், கையெழுத்து தெளிவாக இருக்குமா, விடுமுறைக்கு ஊருக்குப் போனால் மாற்று ஆள் யார். மோகனப்பிரியா இரண்டு கேள்விவரை பதில் சொல்லிவிட்டு வினோதினியைத் திரும்பிப் பார்த்தாள். இன்னாடி இது என்று கண்ணாலேயே கேட்டாள்.

ஒன்பதாவது ரிஜிஸ்டர் மேசைமேல் வந்தது. புத்தம் புதுசு. கோடு போட்டு முடித்திருந்தார். மகள் விடுதியில்தான் இருப்பேன் என்றால், மோகனப்பிரியா ஒரு ஷிப்ட் பார்ப்பாள். தினமும் எழுதி, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும்.

"அங்கிள், எங்கப்பா கடலுக்குப் போற போட்டுக்கே லாக் புக்கு கெடையாது," என்றாள் மோகனப்பிரியா. "ஏற்கெனவே அந்த வாளியில விழுறது நானு. ஞாபகம் வர்றது இவளுக்கு. இன்னும் ஜாஸ்தி எல்லாம் என்னால முடியாது."

ஞானாம்பாள் சிரித்துவிட்டு, முழங்காலில் அடிபட்டதா என்று விசாரித்தாள். சபாபதி சிரிக்கவில்லை. ரசத்துக்கு வரும்போது, மகள் வீட்டுக்கே திரும்பட்டும் என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார். எட்டு வருடம் ஓடிய ஏற்பாடு அது. அது நல்ல ஏற்பாடு என்று டாக்டரே சொல்லிவிட்டார் என்றார். டாக்டர் சொன்னது வாளியை என்று வினோதினி நினைத்தாள். அப்பா மோரை ஊற்றும்போதும் இன்னொரு கையை ரிஜிஸ்டர்மேலிருந்து எடுக்கவில்லை. கரும்பு லாரியின் பின்னால் அவர் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார். அந்த இரண்டு மணி நேரம் அவளுக்கு எழுபத்து மூன்று கட்டாக இருந்தது. அவருக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று அவள் இன்றுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. மூன்றே கால். ஞானாம்பாள் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தாள். அவள் கைப்பையில் அந்தப் பாட்டில் இன்னும் இருந்தது. அதைக் கொட்டுவதற்குக் காலையிலிருந்து அவளுக்கு மனசு வரவில்லை. மோகனப்பிரியா சற்றுத் தள்ளி ஒரு கடை நிழலில் நின்றாள்.

சபாபதி கடிதத்தையும் ஒன்பதாவது ரிஜிஸ்டரையும் வெளியே எடுத்தார். குரல் தாழ்ந்திருந்தது. புத்தகத்தில் தான் செய்திருக்கிற மாற்றத்தைக் காட்டினார். இதுவரை இரண்டு பேர் கையெழுத்துக்குத்தான் இடம் இருந்தது. இப்போது மூன்றாவதாக அவளுக்கும் ஓர் இடம் போட்டிருக்கிறார். எல்லாம் உன் சம்மதத்தோடுதான் என்றார். முதல் பக்கத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தது: செம்மண்டலம் திரும்பியது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ வைத்துப் பெட்டியை எடுத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரம் சொச்சம்தான் பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டே வந்துவிடலாம். வினோதினி புதுச்சத்திரம் வரைக்கும் எத்தனை உப்பளம் என்று எண்ணுவாள், அதற்குப்பின் இறங்க மறந்துவிடுவாள் என்பது அவருக்கும் தெரியும். அதனால்தான் கடலூர் ஸ்டாண்டில் தானே வந்து நிற்பேன் என்றும் சொன்னார்.

அவர் பேனாவை எடுத்து மூடியைத் திறந்து அவளிடம் கொடுத்தார்.

"எட்டாவது புக்கக் குடுங்கப்பா," என்றாள் அவள்.

எதற்கு என்று புரியாமலே எடுத்துக் கொடுத்தார். அவள் கடைசிப் பக்கத்தைப் பிரித்து, காலியாக இருந்த அந்த இடத்தில், பெற்றுக்கொண்டவர் என்பதற்கு நேராக, வினோதினி என்று முழுப் பெயரையும் எழுதினாள். அதன்மேல் அம்மாவின் கையெழுத்து, அப்பாவின் கையெழுத்து. மூன்றும் ஒரே பக்கத்தில் இருப்பது பார்க்க நன்றாக இருந்தது. பிறகு ஜன்னலை நிமிர்ந்து பார்த்து, இன்றைக்கு என்ன தேதி என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மா பாட்டிலை எடுத்துப் பார்த்துச் சொன்னாள்.

தேதியையும் போட்டாள்.

சபாபதி அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். டிரைவர் ஏறி உட்கார்ந்து ஹாரனை அடித்தார். அப்பா கடிதத்தை ரிஜிஸ்டரின்மேல் வைத்து, பென்சில் குறி போட்ட இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இதுலயும் ஒண்ணு போட்டுடு பாப்பா. வண்டி எடுக்கப் போறான்."

வினோதினி பேனாவின் மூடியை மூடினாள். ஒரு முறை அழுத்திப் பார்த்துக்கொண்டாள். அதை அவர் சட்டைப் பையில் நேராகச் சொருகினாள்.

"நாலு மணிக்குத் தண்ணி விடணும்ப்பா," என்றாள்.